நாத்தனாருக்கு ஒரு ரம்பப்பிடி

பிடி திரும்பி வந்துவிட்டது. போன தடவை போலவே பழைய துணியில் சுற்றி, ரம்பத்தோடு சேர்த்து, நல்லதாக ஒரு வார்த்தை இல்லாமல்.

"வழுக்குது அண்ணி," என்றாள் நாத்தனார், பட்டறை வாசலில் நின்றபடியே. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "கையில நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்க."

வந்ததே கோபம் அண்ணிக்கு! போன தடவை பருமன் என்று சொன்னவள் இவள்தான். சரி, ஒழியட்டும் என்று ராவி ஒல்லியாக்கிக் கொடுத்தால், இப்போது வழுக்குகிறதாம். அதற்கு முன்னால் செய்தது கனமாம். கனம்! உள்ளங்கை அகலக் கட்டையில் அப்படி என்ன கனம் வந்து உட்கார்ந்துவிடும்?

"ஏம்மா, பருமன்னு சொன்னதும் நீ, வழுக்குதுன்னு சொல்றதும் நீ. நான் எதைத்தான் கேக்கறது?"

"நிக்கலன்னா நிக்கலன்னுதானே சொல்ல முடியும்? நல்லாயிருக்குன்னு பொய் சொல்லவா?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அண்ணிக்குப் பதில் பேச வாய் வரைக்கும் வந்தது, ஆள்தான் இல்லை. அந்தக் கோபத்தைப் பாவம், ஸ்டூல் வாங்கிக்கொண்டது. ஒரு உதை.

அந்தப் பட்டறையில் கைரம்பம் செய்பவர்கள் இரண்டே பேர். இரும்புத் தகட்டை வெட்டி, பல் வைத்து, தட்டித் தட்டி நேராக்குவது அண்ணன். அதற்கு மரத்தில் பிடி செதுக்குவது அவர் மனைவி. வாங்க வருகிற தச்சர்கள் எல்லோருமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான். அண்ணனின் ஒரே தங்கை, நாலு தெரு தள்ளித் தனியாகத் தச்சுப்பட்டறை வைத்து நாற்காலியும் அலமாரியும் செய்கிறவள். ஊரெல்லாம் பாராட்டுகிற பிடிக்கு வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவளும் அவள்தான். அண்ணியின் சமையலில் உப்பு, அண்ணி வைத்த ஜன்னல் திரையின் நிறம், அண்ணி மகளுக்குப் பின்னிய ஸ்வெட்டரின் கை நீளம், எதில்தான் நொட்டை சொல்லவில்லை அவள்?

அதையெல்லாம் அண்ணி சிரித்துத் தள்ளிவிடுவாள். பிடி அப்படி இல்லை. பிடி அவளுடைய சாம்ராஜ்யம். ஒருவர் வந்து கையை நீட்டினால் போதும், உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, விரலிடுக்கை அளந்து, அந்தக் கைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி செதுக்கித் தருவாள். அடுத்தவர் எடுத்தால் சட்டையை மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும். இதே நாத்தனாருக்கு முன்பு செய்து கொடுத்த பிடி வருஷக்கணக்காக உழைத்தது. அதுவே இப்போது திடீரென்று சரியில்லையாம், புதிதாக வேண்டுமாம். கட்டை என்ன ராத்திரியோடு ராத்திரியாக வீங்குமா?

"என்ன, திரும்பவும் ஊத்திக்கிச்சா?" என்று உள்ளேயிருந்து வந்தார் அண்ணன்.

அண்ணி ரம்பத்திலிருந்து பித்தளைத் திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கற மாதிரி எதையும் சொல்லாதீங்க."

அவர் சொல்லியே விட்டார். மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. விற்பனைக்காரன் மாதிரிக்கு வைத்துவிட்டுப் போனது. அதற்குள் இயந்திரத்தில் அறுத்த பிடிகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. இங்கே சுவரில் அண்ணன் செய்து முடித்த தகடுகள் பிடியில்லாமல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த ஒரு பிடியோடு மல்லுக்கட்டுவதில் மற்றவர்களின் பிடியெல்லாம் நின்றுபோயிருந்தது.

"என் தங்கச்சிக்கே உன் வேலை சரிப்படல. வெளியாளுங்க மூஞ்சிக்கு முன்னால சொல்லாம இருக்காங்களோ என்னவோ. இந்தத் தடவையும் அவ வேணாம்னுட்டா, பேசாம பெட்டியில இருக்கறதையே எல்லாத்துக்கும் மாட்டிடுவோம். யாருக்கும் வித்தியாசம் தெரியப் போறதில்ல."

யாருக்கும் தெரியாதாம்! இத்தனை வருஷம் மரத்தூளைத் தின்று, இருமி, விரல் நுனியெல்லாம் காய்த்து அவள் செய்த வேலை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதானாம். அண்ணிக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சமாதானம் செய்ய வருவார், அது இன்னும் எரிச்சல்.

"பாக்கலாம்," என்றாள். "நாளைக்கு சாயங்காலம் அவ பட்டறைக்கு வாங்க. அவ வாயாலயே சொல்ல வெக்கிறேன்."

"சவாலா?"

"ஆமா. சவாலுதான்."

சவால் விடுவது சுலபம். புதுக் கட்டையை வைஸ் இடுக்கியில் இறுக்கி நின்றபோதுதான் கஷ்டம் தெரிந்தது. எதைத் திருத்துவது? தப்பு எங்கே என்று தெரிந்தால் அல்லவா திருத்த! நாத்தனாரின் கை அவளுக்கு மனப்பாடம். நீண்ட விரல்கள், அகன்ற உள்ளங்கை, கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் குட்டை. சுட்டுவிரல் வெளியே தகட்டை ஒட்டி நீண்டிருக்கும், மற்ற மூன்று விரல்களும் பிடியின் நடுத்துளைக்குள் போய் அதைச் சுற்றும். எல்லா அளவும் சரி. அளவு சரியென்றால் ஆள் பொய் சொல்கிறாள். வேறென்ன?

வெளிக்கோட்டை அறுத்தாள். துளையைக் குடைந்தாள். முரட்டு அரத்தால் ஓரங்களை உருட்டத் தொடங்கியபோது மனசு கட்டையில் இல்லை, நாத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. 'நல்லாயிருக்குன்னு பொய் சொல்லவா'ன்னு கேக்கறாளே, என்ன கொழுப்பு! அரம் சறுக்கியது. பிடியின் கீழே கொம்பு போல நீண்டிருக்கும் நுனி பட்டென்று பெயர்ந்து தரையில் விழுந்தது.

"சனியனே!" என்று கத்தினாள். கட்டையையா, அரத்தையா, நாத்தனாரையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இன்னொரு கட்டையை எடுத்தாள். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். முரட்டு அரம், பிறகு மெல்லிய அரம், பிறகு உப்புத்தாள். கடைசியில் தகட்டைப் பிடியின் பிளவில் பொருத்துகிற வேலை. அதற்கு ஒரு வழி உண்டு. தகட்டில் சாக்கட்டியைத் தேய்த்து உள்ளே நுழைத்து எடுத்தால், எங்கே முட்டுகிறதோ அங்கே மரத்தில் வெள்ளை ஒட்டும். அந்த இடத்தைச் சுரண்டினால் போதும்.

சாக்கட்டி கையில் இருந்தபோதுதான் யோசனை வந்தது. தகடு பொய் சொல்லாத மாதிரி கையும் பொய் சொல்லாது. பிடி முழுக்கச் சாக்பொடியைப் பூசி அவளை அறுக்கச் சொன்னால், எங்கே கை பட்டது, எங்கே படவில்லை என்று அப்படியே தெரிந்துவிடும். எல்லா இடத்திலும் சாக்பொடி அழிந்திருந்தால் பிடி கச்சிதம் என்று அர்த்தம். அப்போது என்ன சொல்லித் தப்பிக்கிறாள் பார்க்கலாம்! அண்ணிக்கு உடனே பசித்தது. மதியம் சாப்பிடாததே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் சாயங்காலம், அண்ணன் வருவதற்கு முன்பே நாத்தனாரின் பட்டறைக்குப் போய்விட்டாள். நாத்தனார் ஒரு நாற்காலிக் காலைப் பலகையோடு கட்டி வைத்திருந்தாள். பாதி அறுத்து நின்றிருந்தது. அறுத்த கோடு வேறு கோணலாகப் போயிருந்தது. இவளா கோணலாக அறுப்பவள் என்று அண்ணி ஒரு நொடி யோசித்தாள். யோசிக்க நேரமில்லை, வந்த காரியம் பெரிது.

"என்ன இது, மாவுல புரட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க?"

"பேசாம பிடிச்சு அறு. பத்து இழுப்பு போதும்."

"எதுக்கு?"

"அறுன்னா அறேன்டி!"

நாத்தனார் அறுத்தாள். ரம்பம் போகும்போது ஒழுங்காகப் போனது. திரும்பி இழுக்கும்போது பிடி அவள் கைக்குள் லேசாகச் சுழன்றது. வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா, சுத்துது. நான் சொன்னா நம்பறீங்களா?"

அண்ணி பிடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை பட்ட முதுகுப்புறம் சுத்தமாக அழிந்திருந்தது. சுட்டுவிரலின் கோடு தெளிவாக இருந்தது. துளைக்குள் நடுவிரல் பட்ட இடமும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்குக் கீழே, மோதிரவிரலும் சுண்டுவிரலும் பிடிக்க வேண்டிய இடத்தில், பூசின சாக்பொடி பூசினபடியே இருந்தது.

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னேன்ல."

கையைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். அந்த இரண்டு விரல்களில் பெயருக்குக்கூடச் சாக்பொடி இல்லை. புறங்கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே எப்போதும் மேடாக இருக்கிற சதை வற்றிக் குழிந்திருந்தது. அது எப்போது நடந்தது? பிடி பிடியென்று பிடியையே பார்த்துக்கொண்டிருந்தவள் கையைப் பார்க்கவே இல்லையே! சுண்டுவிரலின் பக்கத்தில் ரம்பப் பல் கிழித்த காயம் ஒன்று, ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"இது எப்ப கிழிச்சுது?"

"எது?" என்று குனிந்து பார்த்தாள் நாத்தனார்.

அவளுக்குத் தெரியவே இல்லை. தன் விரலில் காயம்பட்டதே தெரியவில்லை. 

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள் அண்ணி.

"மழைக்கு முன்னாலேர்ந்தே. முதல்ல மரத்துப் போச்சு. தூக்கத்துல கையை மடக்கிப் படுத்திருப்பேன்னு நெனச்சேன். அப்புறம் டம்ளர் நழுவ ஆரம்பிச்சுது."

"அடிப்பாவி! டாக்டர்கிட்ட போனியா?"

"போகல."

"ஏன்?"

"போனா கையிலதான் தப்புன்னு அவர் சொல்லிடுவாரு." நாத்தனார் ரம்பத்தை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். "பிடி சரியில்லன்னு சொல்ற வரைக்கும் கை நல்லாயிருக்குன்னுதானே அர்த்தம்? நீங்க ஒவ்வொரு தடவை புதுசா செஞ்சு குடுக்கும்போதும், இதுல சரியாயிடும், இதுல சரியாயிடும்னு நிஜமாவே நெனச்சேன் அண்ணி. உங்களைக் கரிச்சுக் கொட்டணும்னு இல்ல."

 இவ்வளவு நாளும் இவளைச் சபித்துச் சபித்து ராவிய மரமெல்லாம் இப்போது அண்ணியின் கண் முன்னால் வந்து நின்றது. கோபம் வந்தது, ஆனால் அதை யார் மேல் காட்டுவது?

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன்."

"வரேன். ஆனா அண்ணனுக்குத் தெரிய வேணாம்." நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்று விரல்தான் பிடித்தது. "தெரிஞ்சா அன்னிக்கே இந்தப் பட்டறையைப் பூட்டி சாவியை வாங்கிடுவான். எங்கூட வந்து இருந்துடுன்னுவான். எனக்கு இதை விட்டா வேற ஒண்ணும் தெரியாது அண்ணி. தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

அந்த நேரம் பார்த்தா அந்த மனுஷன் வர வேண்டும்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வந்தார். கையில் ஒரு திருப்புளி. சட்டைப் பையில் அந்த அட்டைப்பெட்டிப் பிடி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல முன்னேற்பாடு!

"என்ன, யார் ஜெயிச்சீங்க?" என்று சிரித்தார். "சவால் விட்டாளே, என்னாச்சு? பிடி சரியா இருக்கா, இல்லையா?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி பிடியைப் பார்த்தாள். அவள் செய்ததிலேயே நல்ல பிடி அது. அதில் எந்தத் தப்பும் இல்லை என்பதற்கு அத்தாட்சி வெள்ளையாக அதன்மேலேயே இருந்தது. முந்தானையால் அந்தச் சாக்பொடியை அழுத்தித் துடைத்தாள்.

"இல்லைங்க," என்றாள். "சரியா வரல. நான்தான் ஒழுங்கா செய்யல."

அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு போய்விட்டது. பாவமாகக்கூட இருந்திருக்கும். ஆனாலும் ஜெயித்தவரின் தோரணை அவரை விடவில்லை. "பரவாயில்ல விடு. வயசாகுதுல்ல, கண்ணு கை முன்ன மாதிரி இருக்காது. நாளையிலேர்ந்து கடைப் பிடியே மாட்டிக்கலாம், உனக்கும் ஓய்வு," என்றபடி ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் திருகில் திருப்புளியை வைத்தார். அண்ணி மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பித்தளை கிறீச்சிட்டது. முதல் திருகு பலகையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

"அண்ணா, கழட்டாத."

நாத்தனார் பிடியின்மேல் கையை வைத்துவிட்டாள்.

"ஏன்? உனக்குத்தான் இது ஒத்து வரலியே?"

"பிடி நல்லாத்தான் இருக்கு. இதுவரைக்கும் அண்ணி செஞ்சது எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக ஏங்கிய வார்த்தை. இப்போது காதில் விழுந்தபோது, ஐயோ, இவள் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா என்றுதான் அண்ணிக்குத் தோன்றியது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நாத்தனார் அவளைப் பார்க்கவே இல்லை.

"அப்புறம் என்னதான்டி பிரச்சனை உனக்கு?" என்றார் அண்ணன், எரிச்சலாக.

நாத்தனார் வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். "இந்தா. கையைப் பிடி."

இதென்ன விளையாட்டு என்று அவர் திருப்புளியை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். ஒரு நொடி பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

"என்ன இது, பட்டும் படாம? நல்லா இறுக்கிப் பிடி."

"இறுக்கித்தாண்ணா பிடிச்சிருக்கேன்," என்றாள் அவள்.