ஊசிக் கூட்டம்

பறவைக் காய்ச்சலுக்குப் பண்ணைக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடலாமா கூடாதா என்று பேசுவதற்காக உத்திரமேரூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு தை மாதக் காலையில் தொடங்கிய கூட்டம் நாலு வருஷமாகியும் முடியவில்லை. மண்டபத்துக்காரர் கன்னியப்பன் முதல் முகூர்த்தம் வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு கூட்டத்தாரின் நாற்காலிகளை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு, வலப்பக்கத்தில் கல்யாணங்களை நடத்திக்கொண்டார். தாலி கட்டும்போது மட்டும் கூட்டத்தார் மைக்கைக் கீழே வைத்து அட்சதை போடுவார்கள். பந்தியில் மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஏற்றுமதியைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களில் ஒருவர் சாலவாக்கத்து சுலோச்சனாவின் புருஷன் ராஜாராம். இரண்டு கொட்டாய் நிறைய முட்டைக்கோழி வைத்திருந்தவர். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போடுகிற மாதிரி இதற்கும் போட விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவதாகத்தான் கிளம்பிப் போனார்.

கூட்டம் இழுத்ததற்குக் கருத்து வேறுபாடு மட்டும் காரணமில்லை. நம் பக்கத்தில் மைக்கைப் பிடித்தவன் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தால் அவனை மரியாதை தெரியாதவன் என்பார்கள். மேடையில் இருப்பவர், கீழே இருப்பவர், தீவன வியாபாரி, பேங்க் அதிகாரி என்று எல்லாரையும் பேர் சொல்லி 'அவர்களே' போட்டாக வேண்டும். போட்டு முடிக்கிற நேரத்தில் வாசலில் இன்னொருவர் வந்து நிற்பார். அவரை விட்டால் மனஸ்தாபம் வரும் என்று திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். சோழர் காலத்திலேயே குடவோலை போட்டு ஆள் பொறுக்குவதைக் கல்லிலே வெட்டிவைத்த ஊர்தான் இது. ஓட்டெடுத்து முடித்துவிடலாம் என்று சொல்ல எழுந்தவரும் பாதி 'அவர்களே'யிலேயே தொண்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்.

இடையிடையே பேசப்பட்டதெல்லாம் உண்மை, தொல்லையே அதுதான். ஊசி போட்ட கோழி சாகாது, ஆனால் கிருமியை வெளியே காட்டாமல் சுமந்து திரியலாம் என்றார் கால்நடை டாக்டர் சசிரேகா. ஊசி போடுகிற நாட்டின் முட்டையை வெளிநாட்டான் தொடமாட்டான் என்றார் ஏற்றுமதிக்காரர். நாற்பது நாளில் கறியாகிற கோழிக்கு ஊசி எதற்கு என்றார் கறிக்கோழிக்காரர். இவர்கள் பேசிக்கொண்டிருக்க, ஏரிக்குப் பறவைகள் வந்தன, அறுத்த வயலில் வாத்து மந்தைகள் இறங்கின, காய்ச்சலும் வந்தது. முதல் தடவை பக்கத்துப் பண்ணையில்தான் கண்டது. சுற்றுவட்டாரத்துக் கோழி ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பது சட்டம். வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து, அன்று காலைவரை முட்டையிட்டுக்கொண்டிருந்த சுலோச்சனாவின் கோழிகளைக் கொன்று, குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினார்கள். அன்று அவள் வாய்விட்டு அழுதாள். இரண்டாம் தடவை அழுவதற்குத் தெம்பில்லை. மாதம் ஒரு தரம் டவுன் பஸ்ஸில் போய்ப் புருஷனுக்கு வேட்டி சட்டை கொடுத்துவிட்டு வருவாள். உள்ளே கால் வைத்தால் அவளுக்கும் ஒரு 'அவர்களே' சேர்ந்து, அவர் முறை தள்ளிப்போகும் என்பதால் வாசலோடு சரி.

இந்த வருஷம் ராஜாராமின் முறை வந்த அன்று காலையில்தான் அவள் கொட்டாய் மூலையில் மறுபடி வாங்கி வளர்த்த கோழிகள் கொண்டை நீலம் பாரித்துச் செத்துக் கிடந்தன. சேதியை வாயில் அடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கிடக்கிற கோழி போகட்டும். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்து வரும் குஞ்சுகளாவது பிழைக்கும் என்று நினைத்தாள். எல்லாருக்கும் 'அவர்களே' போட்டு முடித்த ராஜாராம் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். நாலு வருஷமாக எல்லார் பேச்சையும் கேட்ட மனுஷன். "ரெண்டு பக்கமும் நாயம் கீது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பலமாகக் கைதட்டினார்கள். சுலோச்சனா உள்ளே நடந்தாள்.

"இதைச் சொல்லவா நாலு வருசம் குந்திக்கினு இருந்தீங்க? கொட்டாய்ல மறுபடி சாவுதுங்க."

"பொய் சொல்ல வாய் வர்ல சுலோ. அவங்க சொல்றதும் நெசந்தான்."

"நெசமாவே இருக்கட்டும். சாவுறத அள்றது நானு. எழுந்து வாங்க வூட்டுக்கு."

"இன்னும் முடியலியே" என்றார் அவர், கெஞ்சுகிற மாதிரி. அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் வலு வேண்டியிருக்கிறது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து போனார்கள். கொட்டாய் சட்டப்படி சில மாதம் காலியாகக் கிடந்தது. இனிமேல் கோழியே வேண்டாம் என்றிருந்தவள், விடியற்காலையில் சத்தமில்லாத கொட்டாய்க்குள் போய் நின்று நின்று பார்த்துவிட்டு, ஒருநாள் குஞ்சுக்குச் சொல்லிவிட்டாள். வேனில் குஞ்சு கொண்டுவந்த டிரைவர் தினகரன், பெட்டிகளை இறக்க ஒரு கை போதாமல், "அண்ணன் எங்கக்கா?" என்று கேட்டான்.

"கூட்டத்துல கீறாரு."

புருஷன் துபாயில் இருக்கிறவர்கள் சொல்லும் அதே குரல்தான்.

"எம் மச்சானும் அங்கதாங்கா கீறாரு" என்றான் தினகரன். பெட்டியின் ஒரு முனையை அவள் பிடித்தாள். இரண்டு பேருமாகக் குஞ்சுகளை உள்ளே இறக்கினார்கள். குளிரில் அவை கத்தின. அவள் போய் பல்பைப் போட்டாள்.