டன்மோர் கோதுமையும் ஓரெஸ்டின் கையெழுத்தும்

ஓரெஸ்ட் புராக்குக்குப் பொய் சொல்ல வராது. அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பதினாறு வயதில் பனியில் ஹாக்கி ஆடியபோது, நடுவர் கவனிக்காத தன் தவறைத் தானே கை தூக்கி ஒப்புக்கொண்டு எங்கள் அணியைத் தோற்கடித்தவன் அவன். அன்று நான் அவனைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை.

எங்கள் ஊரான கிரீன்ஸ்டெடுக்கு வடக்கே அவனுக்கு நிலம். எனக்கு ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில் வேலை. லாரியில் வரும் கோதுமையில் மாதிரி எடுத்து, ஈரமும் புரதமும் பார்த்துத் தரம் எழுதித் தருவேன். அங்கே லாரியை நிறுக்கும் எடை மேடையருகே பத்தொன்பது அறுவடைகளைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் விதைத்தது டன்மோர் என்ற ரகம். காற்றுக்குச் சாயாது, மழை பொய்த்தாலும் கைவிடாது. ஆனால் கடல் கடந்து வாங்குகிறவர்களுக்கு அதன் மாவு பிடிக்கவில்லை. பிசைந்தால் இழுவை போதவில்லை, ரொட்டி எழும்பவில்லை என்று வருஷா வருஷம் புகார். கடைசியில் வின்னிபெக்கில் ரகங்களை வகுப்பு பிரிக்கிறவர்கள் டன்மோரை முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். மூன்று வருஷ அவகாசம் தந்தார்கள். அதன் பிறகு, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கிடங்குக்கு வரும் டன்மோர் கீழ் வகுப்புதான், மாட்டுத்தீவன விலைதான். எந்த வருஷம் விளைந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். எந்தத் தேதியில் கொண்டுவந்து கொட்டினாய் என்பதுதான் கேள்வி.

அவகாசம் முடியும் வருஷத்து வசந்தத்தில் ஓரெஸ்ட் புது ரகத்துக்கு மாறிவிட்டான். முந்தின வருஷத்து டன்மோர் மட்டும் அவன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு இரும்புக் குதிர்களில் கிடந்தது. அதை ஜூலைக்குள் எடுத்துக்கொள்வதாக எங்கள் கிடங்கே ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆனால் மலைப்பக்கம் காட்டுத்தீ. பாதையை மூடிவிட்டார்கள், ஜூலை முழுக்க ரயில் வரவில்லை. எங்கள் கிடங்கு கழுத்துவரை நிரம்பி நின்றது. ஓரெஸ்ட் மூன்று முறை போன் செய்தான். மூன்று முறையும் எடுத்தது நான்.

"இடமில்லடா. ரயில் வந்தாத்தான் உண்டு."

"முப்பத்தொண்ணு தாண்டிட்டா மாட்டுக்குத்தான்டா போடணும், வெர்ன்."

"தெரியுதுடா. அதுக்கு நான் என்ன, என் சட்டைப்பையிலயா வாங்கி வெச்சுக்கறது?"

அவன் சிரித்தான். மூன்றாவது முறை பேசும்போது சிரிக்கவில்லை.

ரயில் ஆகஸ்ட் நான்காம் தேதி வந்தது. ஏழாம் தேதி காலை ஓரெஸ்டின் லாரி எடை மேடையில் ஏறியது. ஆகஸ்ட் பிறந்தாலே ஒவ்வொரு விவசாயியும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: நான் கொண்டுவருவது இந்த வகுப்பில் சேரத் தகுதியுள்ள ரகம் மட்டுமே என்று. தாளை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"என்ன ரகம்?"

"புதுசுதான்," என்றான், பேனாவைப் பார்த்துக்கொண்டே.

அவனுடைய புது ரகம் வயலில் இன்னும் பால்கூட இறுகாமல் பச்சையாக நின்றது. காலையில் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்கு வந்திருந்தேன். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. மாதிரியைக் கையில் கொட்டிப் பார்த்தேன். அழகான, சிவந்த, கனத்த மணி. டன்மோரையும் புது ரகத்தையும் கண்ணால் பிரிக்க யாராலும் முடியாது.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். 'ஓரெஸ்ட், லாரியைத் திருப்பு' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தாமதம் எங்களுடையது, தண்டனை மட்டும் அவனுக்கா என்று தோன்றியது. நண்பனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

"போடு கையெழுத்தை. பின்னால வண்டி நிக்குது," என்றேன்.

போட்டான். கோதுமை குழியில் இறங்கி, இருபது பேருடைய கோதுமையோடு கலந்தது.

அக்டோபரில் வான்கூவர் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. எங்கள் ரயிலில் போன சரக்கைச் சோதித்ததில் டன்மோர் இருக்கிறது, கப்பலில் ஏற்ற முடியாது என்று. மேலாளர் டார்சி வெளுத்த முகத்தோடு வந்து நின்றார்.

"ஆகஸ்ட் மாதிரிப் பொட்டலம் அத்தனையும் எடு, வெர்ன். ஒண்ணுகூட விடாதே."

ஒவ்வொரு லாரியின் மாதிரியையும் பெயர் எழுதி அலமாரியில் வைப்பது வழக்கம். ஓரெஸ்டின் பொட்டலத்தைக் கையில் எடுத்து நின்றேன். பெயர்ச்சீட்டைப் பிய்த்து மாற்றி ஒட்ட ஒரு நிமிஷம் போதும். ஆனால் மாற்றினால் இன்னொருவன் மாட்டுவான். பக்கத்தில் இருந்தது லூசில் கார்னோவின் பொட்டலம். கணவன் போனபின் தனியாக உழுகிறவள். அப்படியே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் சோதனை முடிவு வந்துவிட்டது: டன்மோர் இருந்தது ஓரெஸ்டின் பொட்டலத்தில்தான். ஒரு ரயில் சரக்கின் நஷ்டம் முழுவதும் கையெழுத்துப் போட்டவன் தலையில். டார்சி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். "நல்லது," என்று மட்டும் சொன்னார்.

ஓரெஸ்ட் வக்கீல் வைக்கவில்லை, ரயில் தாமதத்தைச் சொல்லி வாதாடவும் இல்லை. நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வடக்கு நிலம் பிப்ரவரியில் போயிற்று. வாங்கியவர்கள் ஊரைச் சேர்ந்தவர்கள் இல்லை. மார்ச்சில் அவன் வீட்டு முற்றத்திலேயே டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஏலம் போயின. எனக்குப் போக மனமில்லை. போகாமலிருந்தால் ஊர் கவனிக்கும் என்பதால் போனேன்.

உருகிய பனிச் சேற்றில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். ஓரெஸ்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். இளைத்திருந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"வெர்ன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ஏழு மாசமா சொல்ல முடியல."

"இப்ப எதுக்குடா அதெல்லாம்?"

"இருடா, சொல்லிடறேன். மத்தவங்களைப் பத்தி எனக்குக் கவலையில்லை. உன் மூஞ்சியப் பாத்து பொய் சொன்னேன் பாரு, அதான் தாங்கல. நீ என்னை நம்பித் தாளை நீட்டின. என்னால உனக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். மன்னிச்சிடுடா."

அவன் கண்ணில் நீர் நின்றது. தெரிந்தே நீட்டினேன்டா என்று சொல்ல வாய் திறந்தேன். அவனுக்குப் பின்னால், வீட்டுப் படியில், அவன் மனைவி லெஸ்யா இரண்டு கைகளையும் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடுடா. நான் ஒண்ணும் நினைச்சுக்கல," என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். இறுக்கமாக, நன்றியோடு. பிறகு ஏலக்காரர் கூப்பிட, சாவிகளை எடுத்துக் கொடுக்கப் போனான். லெஸ்யா மட்டும் பார்வையை எடுக்கவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரலில் அவர்கள் ரெஜைனாவுக்குப் போய்விட்டார்கள். ஓரெஸ்டுக்கு ஒரு டயர் கிடங்கில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஐம்பத்தாறு வயதில், முதல் முறையாக இன்னொருவரிடம் சம்பளத்துக்கு. இரண்டு தடவை போன் செய்தான். நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை.

நான் இன்னும் மாதிரிதான் எடுக்கிறேன். தாளை நீட்டும் முன் ரகத்தை இரண்டு தடவை கேட்கிறேன். பேனாவையே பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறவர்களை லாரியோடு திருப்பி அனுப்பிவிடுகிறேன். அவர்களில் சிலர் என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுப் போகிறார்கள்.