ஓட்டுக்குள் நடப்பது

திருமூர்த்தியின் சிங்காநல்லூர்ப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற மோட்டாரின் மேல், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைப்பார்கள். ஒரு சொட்டுச் சிந்தினாலும், அவருடைய அப்பாவின் பெயர் பொறித்த தகடு அந்த மோட்டாரில் ஏறாது.

அந்தக் கௌரவத்தைச் சோதிக்க வந்தது ஒரு பித்தளை உருண்டை. கல்லூரி ஒன்று கேட்ட பூமியின் மாதிரி. உள்ளே கெட்டி எண்ணெய், அதற்குள் எதிலும் ஒட்டாத இரும்புக் குண்டு. வடிவமைத்தவள் மருமகள் நித்யஸ்ரீ. மோட்டாரில் பூட்டிச் சுற்றவிட்டால் உருண்டை தலையை ஆட்டியது. டம்ளர் கவிழ்ந்தது.

பம்ப் ரோட்டாருக்குச் செய்வதையே திருமூர்த்தி இதற்கும் செய்தார். கனம் குறைந்த பக்கத்தில், எடை சேர்க்க, மக்கு என்கிற கெட்டிப் பசையை அப்பினார். ஆட்டம் எதிர்ப்பக்கம் போனது. அங்கே அப்பினால் வேறிடத்துக்கு நகர்ந்தது.

"ஏனுங்கய்யா, உள்ளார ஆரோ குடியிருக்காப்ல இருக்குதுங்க. நீங்க மக்கை அப்பறப்பெல்லாம் எடம் மாத்திப் படுத்துக்கறாங்க" என்று சிரித்தார் கடைசல்காரர் தல்ஹா.

"வாய மூடிட்டு மக்கை எடப்பா."

"மாமா, நெசமான பூமியும் இப்பிடித்தானுங்க" என்றாள் நித்யஸ்ரீ. "உள்ள இரும்புக் கொழம்பு ஒரு போக்குல போகும், மேல ஓடு ஒரு போக்குல போகும். ஒரு நாளோட நீளமே இம்மியளவு கூடிக் கொறையுதுங்க."

"பாக்கறவன் பூமி ஆடுதுன்னா சொல்லுவான்? நம்ம சாமான் ஆடுதுன்னுதான் சொல்லுவான். எண்ணெய எறக்கிப்போட்டு ஈயத்தக் காச்சி ஊத்து அம்மணி."

"ஊத்துனா ஆடாதுங்க. ஆனா பொய்யாப் போயிருமுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போனது. பட்டறை ஓய்ந்தது. உருண்டை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. திருமூர்த்தி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்து அதை நிறுத்தினார். கையை எடுத்தார்.

யாரும் தொடாமல், மெல்ல, அது மறுபடி சுற்றத் தொடங்கியது.

தல்ஹா இப்போது சிரிக்கவில்லை.

"எண்ணெ இன்னும் நிக்கலீங்க மாமா. அதுதான் பித்தளை ஓட்டையும் சேத்து இழுக்குது." நித்யஸ்ரீயின் குரலும் தாழ்ந்திருந்தது.

மறுபடி பிடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எருமை உரசிக்கொண்டு போவதுபோல, பித்தளைக்கு அடியில் ஏதோ நிதானமாகக் கடந்து போனது. அவர் பார்வை தன் கால்களுக்குக் கீழே போனது.

வாசலில் கல்லூரி வண்டி வந்து நின்றது. தல்ஹா தகட்டையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஓடு நாம செஞ்சது. உள்ள போறது நம்ம கைக்கு நிக்கல. அதும்மேல எங்கப்பன் பேர எப்பிடி அடிக்கறது? ஈயமும் வேண்டாம், தகடும் வேண்டாம். அப்பிடியே குடுத்துரு அம்மணி."

வண்டி போன பிறகும் அவர் கால்விரல்களைத் தரையில் அழுத்தியபடியே நின்றார். தரை அசையவில்லை. அதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.