ஒன்பதாம் தளத்துக்குப் போகும் லிஃப்ட்

'தொலைவு' தொடரின் முதல் சீசனில், நான்காவது பாகத்தில், விண்கப்பலின் சமையற்காரர் லிஃப்டை விட்டு இறங்கி அழுதுகொண்டே நடந்துபோவார். பார்த்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் லிஃப்ட் அண்ணன் மட்டும் கதவுக்கு மேலே ஓடிய எண்ணைப் பார்த்தார். ஆள் இறங்கியதும் அது ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறி ஒன்பதில் போய் நின்றது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தொடரைப் பார்க்காதவர்கள். ஒன்பதாம் தளம் தீப்பிடித்து, கப்பலின் டாக்டரம்மாவை உள்ளே வைத்தே மூடப்பட்ட தளம். அதற்குப் பிறகும் அவள் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருக்கிறது. அவள் உயிரோடு இருக்கிறாளா, இல்லை கப்பலை ஓட்டும் இயந்திரம் அவள் குரலில் பேசி எல்லாரையும் ஏமாற்றுகிறதா? ஆறு சீசன் முடிந்தும், ஆறு வருடம் ஓடியும், விடை கிடைக்கவில்லை. ஆனால் அண்ணன் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"லிஃப்ட் தானா எங்கேயும் போகாது. மேல ஒரு ஆள் நின்னு பொத்தானை அமுக்கியிருக்கணும். அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா."

இருபத்தேழு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது? நாங்களும் நம்பினோம்.

நாங்கள் என்றால் நான்கு பேர். அண்ணன், டெய்லர் அக்கா, பல் டாக்டர், நான். பல் டாக்டர் ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிவிட்டுத் தன் வாயை மட்டும் மூடத் தெரியாதவர். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயரே 'பிழை'. ஞாயிறு காலையில் டெய்லர் அக்கா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் துணி வெட்டும் மேஜையைச் சுற்றி உட்காருவோம். அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் கப்பலின் பதினான்கு தளங்களையும் அக்கா சாக்குக்கட்டியால் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். கட்டிய வீட்டுக்குக்கூட இத்தனை கவனமாக யாரும் வரைபடம் போட்டிருக்க மாட்டார்கள்.

அண்ணனோடு அண்ணியும் வருவார். அவர் தொடரில் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. ஓரமாக உட்கார்ந்து அக்காவுக்குத் துணி விளிம்பில் ஹெம் மடித்துக் கொடுத்துக்கொண்டே, நாங்கள் சொல்வதற்கெல்லாம் 'ம்' கொட்டுவார்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அது பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் பல் அடைக்கப் போனார். வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டு, பல் டாக்டர் உற்சாகம் தாங்காமல், முந்தைய நாள் வந்த பாகத்தில் விமானி செத்துப்போனதைச் சொல்லிவிட்டார். அண்ணன் இன்னும் அதைப் பார்த்திருக்கவில்லை. நிறுத்து என்று சொல்ல வாய் இல்லை. கைகால்களை உதறினார். வலிக்கிறதாக்கும் என்று நினைத்து டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். அண்ணன் பாதி அடைத்த பல்லோடு எழுந்துபோய் மீதியை வேறு இடத்தில் அடைத்துக்கொண்டார். நான்கு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. திரும்பி வந்த அன்று சாக்குக்கட்டியை எடுத்து வரைபடத்தின் தலைமாட்டில் எழுதினார்: 'பார்க்கப் போகிறவரிடம் முடிவைச் சொல்லாதே.'

அப்படியென்றால் யாரிடம்தான் சொல்வது என்று பல் டாக்டர் முனகினார். அண்ணன் அண்ணியைக் காட்டினார். "பார்க்கவே போறதில்லைன்னு தெரிஞ்ச ஆளுகிட்ட தாராளமா சொல்லுங்க. யாரு வேண்டாம்னா?"

அன்று முதல் யார் எந்தப் பாகத்தை முதலில் பார்த்தாலும், அடக்க முடியாமல் அண்ணியின் காதில்தான் போய்க் கொட்டுவோம். அவருக்கு எல்லா முடிவும் தெரியும், எது யாருக்கு என்றுதான் தெரியாது.

ஏழாவது சீசன்தான் கடைசி என்று அறிவிப்பு வந்த மாதத்தில் அண்ணனுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. ஆள் பாதியாக இளைத்தார். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணி அச்சகத்துக்கு வந்தார். இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது என்று காகிதக்கட்டு அடுக்கிவைக்கும் அறைக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து, அழாமல், ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. ஒரு மாதம், அதற்கும் குறைவாகவே இருக்கலாம். அண்ணனிடம் வெறும் வீக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி டாக்டரிடமும் அப்படியே சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். உண்மை தெரிந்தால் நோய்க்கு முன்னால் பயமே அவரைக் கொன்றுவிடும் என்று அண்ணி உறுதியாக நம்பினார்.

கடைசி சீசன் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"தினமும் தேதி கேக்கறாரு தம்பி. அந்தப் பொண்ணு இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சா போதும்கறாரு. நீங்கல்லாம் எங்கேயாவது விசாரிச்சு முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க. அதையாவது கேட்டுட்டுப் போகட்டும். ஆனா உடம்பு விஷயம் மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது."

எங்கே விசாரிப்பது? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் யூகம்தான். பல் டாக்டர்தான் சொன்னார், நாமே ஒரு முடிவை எழுதிக் கொண்டுபோவோம் என்று. அக்காவும் சரி என்றார், நானும் சரி என்றேன். அடுத்த நாள் மாலையே போயிருக்கலாம். ஆனால் நாங்கள் யார்? ஆறு வருடமாக ஒரு லிஃப்ட் எண்ணுக்காக மல்லுக்கட்டியவர்கள் ஆயிற்றே.

அக்காவுக்கு டாக்டரம்மா உயிரோடு இறங்கிவந்து, கப்பலில் காத்திருக்கும் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். பல் டாக்டருக்கு அது இனிப்பு ஜாஸ்தி, அண்ணன் நம்ப மாட்டார், கதவு திறந்த நொடியில் அவள் சாக வேண்டும். நான் இரண்டையும் விட்டுவிட்டு, இத்தனை வருடம் அவள் எதைத் தின்றாள் என்று கேட்டேன். உடனே மூவரும் வரைபடத்தின்மேல் கவிழ்ந்தோம். ஒருவர் அங்கே செத்துக்கொண்டிருக்க, நாங்கள் இங்கே ஒன்பதாம் தளத்துத் தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று சண்டை போட்டோம். ஆறு நாள் போனது. அந்த ஆறு நாளில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

ஒரு வழியாக அக்காவின் முடிவே நின்றது. நான் அதை வரிக்கு வரி சலித்தேன். உணவு, காற்று, தண்ணீர், படிக்கட்டு, தீயணைப்புக் கதவு, ஐந்தாவது சீசனில் கேட்ட இருமல், எல்லாவற்றுக்கும் பதில் வைத்தேன். இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமாக ஒரு பிரதியை நான் முடித்ததில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், நான் மட்டும் போனேன். பல் டாக்டர் வந்தால் உளறிக்கொட்டிவிடுவார். அக்கா வந்தால் அழுதுவிடுவார்.

ஐந்தாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் அறை. கட்டிலில் இருந்தவரை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும், இந்த லிஃப்டின் கதவு ஒரு விரற்கடை இழுத்துக்கொண்டு மூடுகிறது, சொன்னால் ஒருத்தனும் கேட்பதில்லை என்று வழக்கம்போல் குறைப்பட்டுக்கொண்டார். அண்ணி கால்மாட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பிங் ஸ்டூடியோவில் வேலை செய்கிற ஒருவர் பல் டாக்டரிடம் வந்ததாகவும், அவர் மூலமாகக் கடைசிப் பாகம் தெரிந்துவிட்டதாகவும் ஆரம்பித்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. டாக்டரம்மா லிஃப்டிலிருந்து இறங்கி வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் முடித்தேன்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று சிரித்தார். அண்ணி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணன் வெந்நீர் கேட்டார். அண்ணி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே கேன்டீனுக்குப் போனார். லிஃப்ட் கதவு இழுத்துக்கொண்டு மூடுகிற சத்தம் அடங்கும்வரை அண்ணன் பேசவில்லை.

"எத்தனை நாள் சொன்னாங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கடைசி சீசன் வருகிற தேதியைக் கேட்கிறாரோ என்று ஏதோ சொல்ல வந்தேன்.

"பிழை, நம்ம ரூல் என்ன?"

நான் சொல்வதற்குள் அவரே சொன்னார்.

"பார்க்கப் போறவன்கிட்ட முடிவைச் சொல்லக் கூடாது. மூணு மாசத்துல நான் பார்க்கப் போறேன்னா நீ வாயைத் திறந்திருக்க மாட்டே. செத்தாலும் திறந்திருக்க மாட்டே, எனக்குத் தெரியாதா உன்னை?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பதில் வைத்தேன். இருமலுக்குப் பதில் வைத்தேன். சுவரில் அவர் கையாலேயே எழுதியிருந்த ஒரு வரி, ஆறு நாளாக அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்த என் கண்ணில் படவில்லை. உங்கள் ஆர்வத்தைப் பார்த்துத்தான் சொன்னோம் என்று எதையோ மென்று விழுங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்திருந்தது.

"அந்த முடிவும் நீங்க எழுதினதுதானே?" என்றார். நான் தலையாட்டினேன். "வேலையில்லாம நிக்கிற லிஃப்ட் தானாவே ஒரு தளத்துக்குப் போய் நிக்கும். நாங்கதான் அப்படிச் செட் பண்ணி வைப்போம். பொத்தானை யாரும் அமுக்க வேண்டாம். எனக்கு இது முதல் நாளே தெரியும். நீங்கல்லாம் அவ்வளவு ஆசையா கேட்டீங்க, சொல்ல மனசு வரலை."

அதற்குப் பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருடத்தில் முதல்முறையாக என்னைப் 'பிழை' என்று கூப்பிடவில்லை.

"பயமா இருக்கு தம்பி."

உடம்பு குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். வெளியே லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதே. எனக்குத் தெரியாதுங்கற தைரியத்துலதான் நடமாடிக்கிட்டிருக்கா."

அண்ணி உள்ளே வந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்து, டாக்டரம்மா உயிரோடு இறங்கிவந்த கதையை முதலிலிருந்து உற்சாகமாகச் சொன்னார். அண்ணி 'ம்' கொட்டிக் கேட்டார்.

அதன்பின் பதினேழு நாள் இருந்தார். நான் தினமும் போனேன். அண்ணி இருக்கும்போது, வீட்டுக்குப் போனதும் குளியலறைக் குழாயை மாற்ற வேண்டும் என்பார். அண்ணி வெளியே போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சில நாள் என் கையைத் தேடிப் பிடிப்பார், அவ்வளவுதான். இருவரையும் ஒருநாள் சேர்த்து உட்காரவைத்து உண்மையை உடைத்திருக்க வேண்டும். இருவரும் கட்டிக்கொண்டு ஒருமுறை அழுதாவது இருப்பார்கள். எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய கடைசிப் பயத்தை அவருடைய மனைவியிடமிருந்து மறைத்துவைத்தவன் நான்தான்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டெய்லர் அக்கா கடையில் கடைசிப் பாகத்தைப் பார்த்தோம். அண்ணியும் வந்திருந்தார். இந்த முறை ஓரத்தில் உட்காரவில்லை, மேஜைக்கு முன்னால் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் துணி இல்லை.

ஒன்பதாம் தளத்துக் கதவை அறுத்துத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் கரி. நாற்காலியில் ஓர் எலும்புக்கூடு. முதல் நாளே செத்துப்போயிருக்கிறாள். பிறகு ஏன் லிஃப்ட் இங்கே வந்துகொண்டிருந்தது என்று ஒருவன் கேட்க, வேலையில்லாத நேரத்தில் அது இந்தத் தளத்தில் வந்து நிற்கும்படி கப்பல் கட்டும்போதே அமைத்துவிட்டார்கள் என்று பொறியாளர் பதில் சொன்னார். பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா டிவியை அணைத்தார். ஷட்டருக்குக் கீழே தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரிந்தன. அண்ணிதான் முதலில் பேசினார்.

"நல்லவேளை, இதை அவர் பார்க்கலை" என்றார். கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லலை. குழாய் மாத்தணும், அது பண்ணணும், இது பண்ணணும்னே பேசிக்கிட்டிருந்தாரு. எதுவும் தெரியாமலேயே போயிட்டாரு. அதை நினைச்சுத்தான் தம்பி எனக்குத் தூக்கமே வருது." சுவரில் இருந்த சாக்குக்கட்டி எழுத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவருக்குத் தெரியாதுதானே?"

பல் டாக்டரும் அக்காவும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

"தெரியாது அண்ணி" என்றேன்.