வெயிலுக்கென்று கொடுத்த க்ரீம்

வெயிலில் நிற்பதுதான் மிளகுவின் பிழைப்பு. அவள் நிலம் அளக்கும் சர்வேயர். முக்காலி மேல் கருவியைப் பொருத்திவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெட்டவெளியில் மணிக்கணக்காக நிற்பாள். மிளகு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பிறந்தபோதே கறுப்பாக, குட்டியாக, கத்தலில் காரமாக இருந்தாளாம். அவளுடைய அக்காவோ நல்ல சிவப்பு. இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், "கூடப்பிறந்தவங்களா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்.

"ஒரே அடுப்புதாங்க. நான் கொஞ்சம் கூடுதலா வெந்துட்டேன்" என்று மிளகு சிரிப்பாள். அக்காவுக்குத்தான் சிரிப்பு வராது.

அக்கா கடைத்தெருவில் ஒரு மாடியில் பியூட்டி பார்லர் நடத்தினாள். ஒரு மத்தியானம் மிளகு வேலையிலிருந்து நேராக அங்கே வந்து, சுழல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, கன்னத்தைப் பாரேன். கறுப்புத் திட்டா மங்கு விழுந்திருக்கு. நல்ல சன்ஸ்கிரீனா ஒண்ணு குடு. மருந்துக்கடைக்குப் போனா தலை சுத்துது. ஆளாளுக்கு ஒரு நம்பர் போட்டு வச்சிருக்கான்."

"நான் எதுக்குடி இருக்கேன்?" என்று அக்கா அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே முறையான சன்ஸ்கிரீன் ட்யூப்கள் இருந்தன. அவள் கை முதலில் அங்கேதான் போனது. பக்கத்தில் பெயரோ, எழுத்தோ எதுவுமில்லாத வெள்ளை டப்பாக்கள் இருந்தன. பார்லர்களுக்கு க்ரீம் சப்ளை செய்கிறவர் கொண்டுவந்தவை. 'வெயிலையும் தடுக்கும், கலரும் குடுக்கும்' என்று அவர் சொல்லியிருந்தார். தங்கைக்குக் கொஞ்சம் நிறம் வந்தால் நல்லதுதானே என்று நினைத்தாள். இனி யாரும் 'கூடப்பிறந்தவங்களா' என்று கேட்கமாட்டார்கள் என்றும் நினைத்தாள். கை இடம் மாறியது.

"காலையிலயும் போடு, ராத்திரியும் போடு."

"ராத்திரி ஏதுக்கா வெயில்?"

"குறுக்குக் கேள்வி கேக்காம போடுடி."

மிளகு போட்டாள். அக்கா சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது. முதலில் முகம் பளபளத்தது, மங்கும் மங்கலானது. அலுவலகத்தில் எல்லோரும் என்ன போடுகிறாய் என்று விசாரித்தார்கள். அக்கா பூரித்துப்போனாள்; பார்லருக்கு வருகிறவர்களுக்கும் அதே டப்பாவை எடுத்து நீட்ட ஆரம்பித்தாள்.

பிறகு எரிச்சல் தொடங்கியது. மிளகுவால் வெயிலில் சற்று நேரம்கூட நிற்க முடியவில்லை. கன்னம் சிவந்து, தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, உள்ளே நரம்பு இழைகள் தெரிந்தன. பொடிப் பொடியாகப் பருக்கள். போன மங்கு முன்னைவிடக் கறுத்துத் திரும்பி வந்தது. தோல் டாக்டரிடம் அக்காதான் கூட்டிக்கொண்டு போனாள், பார்லர் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பேரு இல்ல, தேதி இல்ல, என்ன சேர்த்திருக்காங்கன்னு ஒரு வரி இல்ல. இது சன்ஸ்கிரீனே கிடையாதும்மா. முகத்தைப் பார்த்தா, வெளுக்க வைக்கிற ஸ்டீராய்டு கலந்திருக்கும்போலத் தோணுது. யார் குடுத்தாங்க?"

அக்கா மிளகுவைப் பார்த்தாள்.

"கடையில வாங்கினேன் டாக்டர்" என்றாள் மிளகு, கண் இமைக்காமல். "நானேதான். விவரம் தெரியாம."

அக்கா தன் கோட்டில் தைத்திருந்த பார்லர் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டாள். மறைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "டக்குன்னு நிறுத்தாதீங்க, எப்படிக் குறைக்கணும்னு எழுதித் தர்றேன். சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்பிஎஃப்ங்கிற நம்பர் முப்பது, இல்ல அதுக்கு மேல இருக்கான்னு பாருங்க. பிராட் ஸ்பெக்ட்ரம்னு போட்டிருக்கணும், அப்பதான் வெயில்ல வர்ற ரெண்டு வகைக் கதிரையும் தடுக்கும். மங்குக்கு, தோல் நிறத்துலயே வர்ற க்ரீமா இருந்தா இன்னும் நல்லது. உங்களுக்கு வேர்க்கிற வேலை, அதனால தண்ணில சட்டுனு கரையாததா எடுங்க. கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்து ரெண்டுக்கும் தடவுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்பப் போடணும். தொப்பியும் வேணும். வெள்ளையாக்கும்னு சொல்ற எதையும் தொடாதீங்க. சன்ஸ்கிரீன் வேலை தோலைக் காக்கிறது, நிறத்தை மாத்துறது இல்ல."

"நான்தான் குடுத்தேன்" என்றாள் அக்கா. சத்தமே வரவில்லை, மறுபடி சொல்லவேண்டியிருந்தது. "நான்தான் குடுத்தேன் டாக்டர். கலர் வரும்னுதான்."

மிளகு மெல்லத் திரும்பினாள். "அப்ப வெயிலுக்குன்னு குடுத்தியேக்கா?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். டாக்டரம்மா மருந்துச்சீட்டில் கண்ணை வைத்துக்கொண்டார். அந்த அறையில் பார்க்க வேறு இடமில்லாததால் அக்கா தரையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் மிளகு சொன்னாள்: "எனக்கு இந்த நிறத்துல ஒரு குறையும் இருந்ததில்ல. உனக்குத்தான் இருந்திருக்கு. இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சு." ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டாள்.

அக்கா பார்லருக்குத் திரும்பி, மிச்ச டப்பாக்களையெல்லாம் இறக்கி ஒரு பையில் கட்டினாள். பிறகு அதை வாங்கிப்போனவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, அதில் கெடுதலான மருந்து இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள் என்றாள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். ஆனால் பார்லருக்கு வழக்கமாக வரும் ஒரு டீச்சர் திட்டவில்லை.

"அதெல்லாம் விடுங்க மேடம், எனக்கு ஒண்ணும் ஆகல. நல்லா வெளுத்திருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. மீதி இருந்தா எனக்கு ரெண்டு டப்பா எடுத்து வைங்க."

திட்டுகளை விட அதுதான் அக்காவைச் சுட்டது. அந்தக் குரலில் இருந்த ஆசை, அலமாரி முன்னால் நின்றபோது தன்னிடம் இருந்ததேதான். "இல்லைங்க, தரமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

மிளகுவின் தோல் தேற மாதக்கணக்கானது. தனக்கான சன்ஸ்கிரீனை அவளே மருந்துக்கடையில் நின்று, அட்டையில் இருந்ததை வரி வரியாகப் படித்து வாங்கினாள். அக்கா போன் செய்தால் எடுப்பாள். ரெண்டு வார்த்தை பேசுவாள். வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாள்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பார்லர் படியேறி வந்தாள். அகல விளிம்புத் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"முடி மட்டும் வெட்டு. முகத்துல கை வைக்காத."

"வைக்கமாட்டேன்" என்றாள் அக்கா. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள். கண்ணாடியில் தங்கையின் முகம் நேராகத் தெரிந்தது. அதை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அவளுக்கு இன்னும் வரவில்லை.