களை எடுத்த கை

எங்கள் நிலத்தைப் பார்வையிட அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மதகடியில், கைக்கு எட்டாத கல்லிடுக்கில், ஒரு செடி ஊதா நிறத்தில் பூத்திருந்தது. வீட்டுக்கு ஓடி, அரசாங்கம் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை எடுத்து வந்து படத்தோடு ஒத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, எங்களை விதைக்கச் சொன்ன செடிதான். பிறகு இலையைப் பார்த்தேன். மூன்று வாரமாக ரோட்டோரம் முழுக்க நான் பிடுங்கிப் போட்டது அதே இலையைத்தான்.

அந்தப் பிரசுரத்தை அச்சடித்தவர்களைத்தான் முதலில் திட்ட வேண்டும். எல்லாச் செடியையும் பூவோடு படம் பிடித்திருக்கிறார்கள். முளைக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு படம் கூட இல்லை. கல்யாண போட்டோவைக் கையில் கொடுத்துத் தொட்டில் குழந்தையை அடையாளம் காட்டு என்றால் யாரால் முடியும்? கீழே, ‘முதல் வருடம் களைகளைக் கட்டுப்படுத்தவும்’ என்று ஒரு வரி வேறு. எனக்கா களையெடுக்கச் சொல்லித்தர வேண்டும்?

ஓடையை ஒட்டிய அந்த நாலு ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. பயிர் வைப்பதை நிறுத்தி, பத்து வருடத்துக்குப் புல்லும் பூச்செடியும் வளரவிட்டால் மண் ஓடையில் அடித்துப் போகாது, தேனீ வரும் என்று வருடா வருடம் ஊக்கத்தொகை தருகிறார்கள். நான் கையெழுத்துப் போட்டது தேனீக்காக இல்லை, என் வீட்டுக்காரருக்காக. அவர் முதுகெலும்பு இரண்டு இடத்தில் தேய்ந்துவிட்டது. இன்னொரு போகம் டிராக்டரில் உட்கார்ந்தால் அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் ரத்தானால் இந்த மனுஷன் மறுநாளே டிராக்டரில் ஏறிவிடுவார். நான் பயந்தது அதற்குத்தான்.

பிறகு ஏன் பிடுங்கினேன்? ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் என் நாத்தனார் வீடு. “என்ன, நிலத்தைக் காடாக்கிட்டீங்க? பாக்கிறவங்க ஆள் செத்துப்போன நிலம்னு நெனைக்கப்போறாங்க” என்றாள் ஒருநாள். சுருக்கென்று தைத்தது. மறுநாளிலிருந்து ரோட்டோரத்தை மட்டும் கண்ணுக்கு லட்சணமாக வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

“முளைக்காம போனா அவங்களே மறுபடி வெதை தருவாங்க. நாமளா அழிச்சா ரத்து. பதினொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கு.”

“இப்ப என்னங்க பண்றது?”

“முளைக்கலைன்னு சொல்லிடலாம். நீ வாயைத் தெறக்காத, நான் பேசிக்கிறேன்.”

அதிகாரி சின்ன வயதுப் பெண். கையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம். அதைப் பார்க்காமல் பின்பக்கமாக வீசி, விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணினாள். ஓடைப் பக்கம் ஏழு வகை. நடுவில் ஒன்பது. நான் கும்பிடாத தெய்வமில்லை. மூன்றாவது தடவைக்கு அவள் ரோட்டை நோக்கி நடந்தாள்.

சட்டத்துக்குள் கூட்டிப் பெருக்கிய மாதிரி வெறும் மண்.

“இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?”

“இந்தப் பக்கம் ஈரம் நிக்காதுங்க. முளைக்கவே இல்ல” என்றார் வீட்டுக்காரர். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு கூசாமல் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

“சரிங்கய்யா. மறுவிதைப்புக்கு எழுதிடறேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே வரப்பில் முன்னால் நடந்தார்கள், பின்னால் நான். காலடியில் ஒரு முளை தெரிந்தது. குனிந்து, அடித்தண்டில் விரல் கொடுத்து வேரோடு இழுத்து, புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்து, வீசினேன். வீசிய பிறகுதான் என் கை என்ன செய்தது என்று எனக்கே உறைத்தது.

அது அதிகாரியின் செருப்பருகே போய் விழுந்தது. அவள் எடுத்து இலையைப் பார்த்தாள். பிறகு என் நகக்கண்ணைப் பார்த்தாள்.

“இது எங்க வெதைம்மா.”

வீட்டுக்காரர் அந்த முளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“நான்தாங்க. ரோட்டோரம் பூரா நான்தான் பிடுங்கினேன். களைன்னு நெனைச்சேன். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவரால குனியக்கூட முடியாது.”

அவள் ஃபாரத்தைப் புரட்டினாள். ‘சேதத்துக்குக் காரணம்’ என்ற இடத்தில் வெள்ளம், தீ, கால்நடை, மற்றவை என்று கட்டங்கள் இருந்தன. மற்றவையில் டிக் அடித்து, பக்கத்தில் ‘நில உரிமையாளர், அறியாமல்’ என்று எழுதினாள்.

“வேணும்னு செஞ்சிருந்தா ரத்துதான். தெரியாம செஞ்சதுன்னா, காரணம் எதுவோ அது உள்ள வராம வேலி போடணும். ஆடு மாடுக்குத்தான் இப்படி எழுதுவோம். ரெண்டு வருஷம் நீங்க உள்ள கால் வைக்கக்கூடாதும்மா. சம்மதமா?”

கல்யாணமான நாளிலிருந்து அந்த மண்ணை மிதிக்காமல் எனக்குப் பொழுது விடிந்ததில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வேலிக்குக் குழி தோண்டியதும் நான்தான், வேறு யார் தோண்டுவது? ரோட்டில் நின்றுகொண்டே தோண்டினேன். நாத்தனார் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். கடைசிக் கம்பியை முறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவர் உள்ளே இருந்தார். குனிய முடியாத மனுஷன், அவரால் எந்தச் செடிக்கும் ஆபத்தில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“இங்க ஒண்ணு புதுசா முளைச்சிருக்கு. இலை ரம்பம் மாதிரி இருக்கு. களையா இல்லையான்னு நீதான் சொல்லணும்.”

கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.