இடுப்பு இளைத்த போல்ட்

தெருமுனை மதகுப் படியில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக இறங்கின. தொம். பாடை வண்டியின் பலகை வலப்பக்கம் சரிந்தது. மாலையோடு உருண்ட நமச்சிவாயத்தை மைத்துனன் குப்புசாமி ஓடிப் பிடித்தான்.

மேளம் நின்றது. சங்கு மட்டும் விஷயம் தெரியாமல் ஒருமுறை ஊதிவிட்டு அடங்கியது.

"போல்ட் ஒடிஞ்சிட்சிபா!" என்றார் வண்டிப் பட்டறை பரசுராமன், எட்ட நின்றபடியே. "நடுத்தண்டைக் கடைஞ்சி ஒல்லியாக்கினா எப்படித் தாங்கும்? தான் செஞ்ச வண்டியிலயே உழுந்தாரு பாரு!"

நாற்பது பேர் குனிந்து பார்த்தார்கள். படுத்திருந்தவர் பார்க்கவில்லை.

லேத்துப் பட்டறையில் முப்பது வருஷம் நமச்சிவாயம் கத்தியது இதைத்தான்: "தண்டு தடியா இருந்தா இழுபடாதுடா. திடீர்னு அடி உழுந்தா மொத்தமும் திருகு மரையடியில போய் உக்காந்து பட்டுனு ஒடியும். மரை ஆழத்துக்குத் தண்டையும் இளைச்சி வுடு. முழுத் தண்டும் துளி நீண்டு அடியை வாங்கிக்கும்." போல்ட்டுக்குப் பத்தியம் வைக்கிற ஆள் என்று காஞ்சிபுரமே சிரித்தது.

குப்புசாமியும் சிரித்தவன்தான். இன்று காலை, மாமா வழியில் விழுந்துவிடக் கூடாதே என்ற பாசத்தில், வலப்பக்கத்து இளைத்த போல்ட் இரண்டையும் கழற்றித் தடி போல்ட் மாட்டியிருந்தான். இடப்பக்கம் போவதற்குள் பிணம் தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெண்கள் கூட்டத்திலிருந்து அக்கா சம்பூர்ணம் வந்தாள். அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"குப்பு, உங்க மாமா போல்ட்டா ஒடிஞ்சிது?"

ஆமாம் என்றால் அதோடு முடிந்தது. மாமாவின் பேரும் அவரோடு எரிந்துவிடும். இல்லை என்றால், பிணத்தைக் கவிழ்த்தவன் என்று சாகிறவரை கூப்பிடுவார்கள்.

"இல்லக்கா. ஒடிஞ்ச ரெண்டும் நான் மாட்னது. மாமாவோடது அந்தப் பக்கம் நிக்குது."

பரசுராமன் இடப்பக்கம் போய்க் குனிந்தார். நிமிர வெகுநேரமாயிற்று.

"மயிரிழை நீண்டிருக்குது," என்றார். "ஒடியல."

"கழட்டினது எங்கடா?" என்றாள் சம்பூர்ணம்.

"கெணத்துல போட்டுட்டங்கா. யாரும் பாக்கக் கூடாதுன்னு."

"அறிவு கெட்டவனே. பட்டறையைத் தொற."

லேத்து சுற்றியது. குப்புசாமி கடைய, இடப்பக்கத்துக்கென்று வைத்திருந்த தடி போல்ட்டின் இடுப்பிலிருந்து இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. பரசுராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அளந்தார்.

"இன்னும் துளி இளைக்கட்டும்பா. மரை ஆழம் வரல."

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மதகுப் பக்கம் யாரோ நமச்சிவாயத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.